நாலடிக்கு மேலே

வீட்டுக்கு நாய் வரப்போகிறது என்றால் முதல் வேலை, தரையில் குப்புறப் படுத்துப் பார்ப்பதுதான். நாம் நின்றுகொண்டு பார்க்கும் வீடு வேறு, நாய் பார்க்கப்போகும் வீடு வேறு.

அன்றைக்கு மூன்றேகால் மணிக்கு நான் அப்படித்தான் அண்ணனின் கட்டிலுக்கு அடியில் கிடந்தேன். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் சுரண்டும் தகடு. நாலு மணிக்கு நாய்க் காப்பகத்திலிருந்து ஆள் வந்துவிடும். வீட்டைப் பார்த்துத் திருப்திப்பட்டால்தான் நாயைக் கொடுப்பார்கள். முக்கால் மணி நேரத்துக்குள் கட்டிலடி சுத்தமாக வேண்டும். குளியலறைக் கதவுக்கு இன்னும் தாழ்ப்பாள் மாட்டவில்லை.

அங்கே என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன், சார். என்னைப் புரிந்துகொள்ள வசதியாக இருக்கும். பிறை பிறையாக வெட்டிப் போட்ட கால் நகங்கள். மூக்கைத் துடைத்துச் சுருட்டி எறிந்த காகிதங்கள், காய்ந்து முறுகிப்போய். பச்சைப் பூசணம் பூத்த ரொட்டித் துண்டு. சளி துப்பிய தம்ளர். அதில் ஒரு பூச்சி இறக்கை விரித்தபடி ஒட்டிக்கொண்டு செத்திருந்தது. இவ்வளவையும் ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருந்தது முடி. அண்ணன் தலையிலிருந்தும் மார்பிலிருந்தும் உதிர்ந்த நரைமுடி. போன ஞாயிற்றுக்கிழமைதான் பெருக்கியிருந்தேன். இது ஒரு வாரத்துச் சேகரம்.

"என்னடா, புதையல் ஏதாச்சும் கிடைச்சுதா? பாதி எனக்கு" என்று கட்டிலின் மேலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார் அண்ணன்.

சிரித்தால் அவருக்கு எச்சில் தெறிக்கும். ஒரு துளி என் மணிக்கட்டில் விழுந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

அந்த அண்ணன் எப்படிச் செத்தார் என்று கேட்கத்தான் என்னை இங்கே உட்காரவைத்திருக்கிறீர்கள். சொல்கிறேன். நாயை விட்டுவிட்டு அதைச் சொல்ல முடியாது. வரிசையாகவே வருகிறேன்.

அண்ணன் எனக்குப் பதினொரு வயது மூத்தவர். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அவர்தான். லிப்ட் மெக்கானிக். பெரிய பெரிய கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை செய்தவர். ஆறு வருஷம் முன்பு ஒரு கட்டடத்தில் இரண்டாவது மாடியிலிருந்து லிப்ட் குழிக்குள் விழுந்தார். உயிர் தப்பியது. இரண்டு காலும் போனது; முதுகும் நிமிராமல் போனது. எங்கள் வீட்டு நடைக்குள் சக்கர நாற்காலி திரும்பாது. தச்சர் ஒருவர் நாலு சக்கரம் வைத்து ஒரு பலகை செய்து கொடுத்தார், தரையோடு தரையாக. அதில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தரையை உந்திக்கொண்டு வீடு முழுக்கப் போய்வருவார். அதோடு சர்க்கரை நோய் வேறு. காலையும் மாலையும் இன்சுலின் போட வேண்டும். அவரே போட்டுக்கொள்வார்.

என் தொழில் பல் செட் செய்வது. மாடியில்தான் பட்டறை, பின்பக்கம் தனிப் படிக்கட்டு. மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், நான் பிளாஸ்டரில் வார்த்துப் பல் கட்டுவேன். இருபது வருஷமாக எத்தனையோ பேரின் வாயைக் கையில் வைத்திருக்கிறேன். ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை. பிளாஸ்டரில் வாடை கிடையாது. அதில் எச்சில் ஊறாது. அதனால்தான் அந்தத் தொழில் எனக்கு ஒத்துவந்தது.

அண்ணனுக்கும் நான்தான் பல் செட் செய்து கொடுத்தேன். நான் செய்ததிலேயே நேர்த்தியானது அது. சாப்பிடும்போது அதைக் கழற்றி என் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். "இது இருந்தா ருசியே தெரியலடா" என்பார். ஈறால் மெல்லுவார். அந்தச் சத்தத்தை நான் உங்களுக்குச் செய்துகாட்ட மாட்டேன். பல் செட்டின் இடுக்கில் முந்தைய வேளைச் சாப்பாடு இருக்கும். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன்.

எனக்கு அவர் மேல் வெறுப்பு இல்லை. அதை நீங்கள் தெளிவாகக் குறித்துக்கொள்ள வேண்டும். வெறுப்பு இருந்தால் சண்டை போட்டிருப்பேன். எனக்கு இருந்தது அருவருப்பு. அதை வைத்துக்கொண்டு சண்டை போட முடியாது. கழுவத்தான் முடியும். ஆறு வருஷம் கழுவினேன்.

நாய் வேண்டும் என்று கேட்டது அவர்தான்.

"நீ மாடிக்குப் போயிட்டா நாள் முழுக்க நானும் சுவரும்தான். சுவருக்குச் சொல்லிச் சொல்லி எனக்குக் கதை தீர்ந்துபோச்சு. ஒரு நாயாச்சும் இருந்தா வாலை ஆட்டிட்டுக் கேக்கும்ல" என்றார்.

வீட்டில் அழுக்குச் செய்கிற ஜீவன் ஒன்று போதாதா என்று மனதில் ஓடியது. ஆனாலும் காப்பகத்துக்கு எழுதிப் போட்டேன்.

காப்பகத்திலிருந்து வந்தவர் ஒரு பெண்மணி. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த பத்தாவது நிமிடமே அண்ணன் அவருக்கு 'நாய் டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார். அந்த அம்மாவும் கோபிக்கவில்லை. ஒரு புகைப்படம் காட்டினார். செம்பட்டை நிறம், எட்டு வயது, ஒரு காது மடங்கின பெண் நாய்.

அண்ணன் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "பேரு வச்சாச்சா டீச்சர்?"

"நீங்க வைக்கிறதுதான் பேரு."

"அப்ப மேனேஜர். முப்பது வருஷம் மேனேஜர்ங்க என்னை ஏறு, இறங்குன்னாங்க. இனிமே நான் சொல்றேன். மேனேஜர், உக்காரு. மேனேஜர், எந்திரி."

டீச்சர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

போகும்போது அவர் என்னிடம் ஒரு பட்டியல் கொடுத்தார். பத்தொன்பது விஷயம். மாத்திரை மருந்து எதுவும் எட்டக் கூடாது. மின்சார வயர் தொங்கக் கூடாது, கடித்துவிடும். ஃபிரிட்ஜை மூக்கால் நெம்பித் திறக்கும், மேலே கொக்கி போட வேண்டும். குளியலறைக் கதவு எப்போதும் தாழிட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே போய் அழுக்குத் தண்ணீர் குடிக்கும். குச்சி, கட்டை எதுவும் கிடக்கக் கூடாது. வாசல் கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள். தெருச் சத்தத்துக்கு மிரளாமல் இருக்கக் கதவு இடுக்குகளில் ஃபோம் பட்டை. ஒவ்வொன்றும் நியாயமான விஷயம்தான்.

"எவ்வளவு உயரம்னு கணக்கு?" என்று கேட்டேன்.

"பின்னங்கால்ல எழுந்து நின்னா மூணரை அடி எட்டுவா. எதுக்கும் நாலடிக்கு மேல வச்சிடுங்க தம்பி."

அவர் போனதும் அண்ணனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பலகையை உருட்டிக்கொண்டு வந்து சுவரோரம் நின்றார். "நாலடின்னா கண் அளவுல தெரியாதுடா. நான்தான் நாய். டேப்பை எடு."

"சும்மா இருங்கண்ணே."

"அட, எடுடா. ரெண்டு பேரும் ஒரே உசரம்தானே. எனக்கு எட்டலன்னா அவளுக்கும் எட்டாது."

வலது கையைச் சுவரோடு ஒட்டி உயர்த்தினார். விலா எலும்பு தெரிய எக்கினார். நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு "லொள்" என்றார். நாக்கின் மேல் வெள்ளையாக மாவு படிந்திருந்தது. நான் டேப்பைப் பிடித்தேன். நடுவிரல் நுனி வரைக்கும் மூன்றடி பத்து அங்குலம். பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.

அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஒரு அளவு கிடைத்தது, அவ்வளவுதான். என் தொழிலில் அளவு கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பத்து நாள் வேலை பார்த்தேன். மாடிக்குப் போகும் முன் ஒரு மணி நேரம், இறங்கி வந்து இரண்டு மணி நேரம். மருந்து அலமாரியைக் கழற்றி மேலே ஏற்றினேன். தண்ணீர் கேனைத் தரையிலிருந்து எடுத்து உயரமான மேடையில் வைத்தேன். செல்போன் சார்ஜ் போடுகிற பிளக்கை நாலடி இரண்டு அங்குலத்துக்கு மாற்றி, போன் வைக்க ஒரு சின்னத் தட்டும் அடித்தேன். அண்ணன் சுவிட்ச் தட்டுவதற்கு ஒரு நீளக் குச்சி வைத்திருப்பார். அதை மாடிக்குக் கொண்டுபோனேன். நாயின் படுக்கைக்கு மூலை வேண்டும் என்று கட்டிலைச் சுவரோரத்திலிருந்து கூடத்தின் நடுவுக்கு இழுத்தேன். நாய் ஏறாதபடி நாற்காலிகளை மேஜை மேல் கவிழ்த்து வைத்தேன்.

எல்லாவற்றையும் அண்ணன்தான் மேற்பார்வை பார்த்தார். பலகையில் என் பின்னாலேயே வந்தார். "அந்த ஸ்க்ரூ லூசா இருக்கு, இன்னும் ரெண்டு சுத்து சுத்து." "கொக்கி பத்தாது, பெரிய தாழ்ப்பாள் போடு. அவ மேனேஜர், மூளைக்காரி." மெக்கானிக் இல்லையா, அவர் சொன்னபடி செய்தால் எதுவும் ஆடாது, அசையாது. அவர் கைவைத்த இடமெல்லாம் எண்ணெய் அச்சு விழும். வீட்டுச் சுவர் முழுக்க முழங்கால் உயரத்தில் ஒரு கறுத்த பட்டை ஓடும், பார்த்திருப்பீர்கள். ஆறு வருஷமாக அவர் உள்ளங்கை தேய்த்தது. சோப்புக்கும் போகாது. அந்தப் பட்டைக்கு மேலே நான் மாட்டிய பலகைகள் எல்லாம் பளிச்சென்று, சுத்தமாக இருந்தன. அப்படிப் பார்க்க எனக்கு ஒரு நிம்மதி.

கட்டிலடியை நான் சுரண்டிய அந்த நாள்தான் டீச்சரின் கடைசிச் சோதனை. சரியாக நாலு மணிக்கு வந்தார். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பத்தொன்பதும் சரி. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர், சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"ஏன் தம்பி, எல்லாம் மேல போயிடுச்சே. அண்ணனுக்கு எப்படி எட்டும்?"

பதில் சொன்னது அண்ணன்தான்.

"எனக்கு லிப்ட் இருக்கு டீச்சர். இந்தா நிக்கிறானே, என் தம்பி. ஒரு குரல் கொடுத்தா ஓடி வந்துடுவான். இவனைச் சின்ன வயசுல நான் தூக்கித் தூக்கி எல்லாத்தையும் எட்ட வச்சேன். இப்ப அவன் முறை."

டீச்சர் கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை காலையில் நாய் வரும் என்றார். முதல் மூன்று நாள் வீட்டுக்கு வெளியாள் யாரும் வரக் கூடாது, மணி அடிக்கக் கூடாது, நாய் மிரளும் என்றும் சொன்னார். அதையும் குறித்துக்கொண்டேன்.

எனக்குப் பக்கத்து ஊரில் பீங்கான் பல் செய்வதற்கு மூன்று நாள் பயிற்சி இருந்தது. திங்கள், செவ்வாய், புதன். இதற்கு முன் இப்படிப் போனபோதெல்லாம் அடுத்த வீட்டுத் தையல்காரர் வந்து அண்ணனைப் பார்த்துக்கொள்வார். இந்த முறையும் அவர் சாவியோடு மதியம் வருவார் என்று அண்ணனிடம் சொன்னேன்.

தையல்காரரிடம் வேறு மாதிரி சொன்னேன். நாய் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டது, பயந்த சுபாவம், மூன்று நாள் யாரும் கதவு தட்ட வேண்டாம், நான் எங்கேயும் போகவில்லை, வீட்டோடுதான் இருக்கிறேன் என்று சொன்னேன். "ஏதாச்சும் பிராண்டுற சத்தம், முனகுற சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. புது இடம் இல்லையா."

"நான் ஏன் கண்டுக்கப்போறேன்? என் மெஷின் சத்தத்துல என் பொண்டாட்டி கத்துறதே எனக்குக் கேக்கறதில்ல" என்றார் அவர். நல்ல மனிதர்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அண்ணன் ஊசி போட்டுக்கொண்டார். ரொட்டியும் பாலும் கொடுத்தேன். பையை எடுத்துக்கொண்டு நிற்கும்போது, "அந்தத் தண்ணிக் கேனை மட்டும் கீழ வச்சிட்டுப் போடா" என்றார்.

"தையல்காரர் வருவாரேண்ணே. நாய் வந்தப்புறம் இப்படித்தான் இருக்கப் போறோம். இப்பவே பழகிக்கலாமே. ஒரு ஒத்திகை."

கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான். மேனேஜர் வந்து என்னைக் குறை சொல்லக் கூடாதுல்ல. போயிட்டு வா. பஸ்ல ஜன்னலோரம் உக்காராத, தூசி உனக்கு ஆகாது."

வெளியிலிருந்து சாவி போட்டுப் பூட்டினேன்; கதவோடு பதிந்த பூட்டு, வெளியே எதுவும் தொங்காது.

அன்று மதியம் ஒரு மணி வரைக்கும் அவர் கட்டிலில்தான் இருந்தார். ஒன்றேகாலுக்குப் பலகையில் இறங்கி வாசல் கதவுக்குப் போனார். இரண்டரைக்கு ஃபிரிட்ஜுக்கு. மாலை ஊசி அதற்குள்ளேதான் இருந்தது. மேல் தாழ்ப்பாளை எட்ட முயன்றார், பிறகு கதவின் அடிப்பக்கத்தைப் பிடித்து ஆட்டினார். நாய் ஆட்டினாலும் திறக்காதபடிதான் அதைப் போட்டிருந்தோம். ஐந்து மணிக்குக் குளியலறைக் கதவு; அதன் தாழ்ப்பாளும் எட்டவில்லை. அங்கே தண்ணீரும் இருந்தது, கழிப்பிடமும் இருந்தது. அதற்குப் பிறகு அவர் இருந்த இடத்திலேயே போக வேண்டியதாயிற்று. சக்கரம் அதில் ஏறி வீடு முழுக்க இழுத்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குக் கதவைப் பிராண்டினார். அடுத்த வீட்டு வாசலில் துணி உதறிக்கொண்டிருந்த தையல்காரர் அதைக் கேட்டுவிட்டுக் கதவருகே வந்திருக்கிறார். "ச்சூ, ச்சூ, அழாதடா தங்கம். பழகிடும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதை அவரே உங்களிடம் சொல்லி அழுதாராமே. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அண்ணனுக்கு அதற்குள் தொண்டை வறண்டு குரல் மாறிப்போயிருந்தது.

அன்று மதியம் தட்டின் மேலிருந்த அவர் போன் அடித்தது. நின்று மறுபடி அடித்தது. நாய் டீச்சர்தான், என்ன சாப்பாடு வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு. அண்ணன் அதற்கு நேர் கீழே போய் எக்கி எக்கிப் பார்த்தார். நாலு அங்குலம்தான் எட்டாமல் இருந்திருக்கும். மேஜைக் காலை ஆட்டி நாற்காலி ஒன்றைக் கீழே தள்ளிவிட்டார். ஆனால் அதில் ஏற வேண்டுமே. நாலு முறை ஏறினார், நாலு முறையும் விழுந்தார். கடைசி முறை விழுந்தது பலமான சத்தம்.

அதற்குப் பிறகு நிறைய வாந்தி. புதன்கிழமை பகல் பதினொன்றரைக்கு எல்லாம் அடங்கியது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் பையோடு வந்து கதவைத் திறந்தேன். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டுதான் உள்ளே போனேன். தையல்காரரைக் கூப்பிட்டேன். டாக்டரைக் கூப்பிட்டேன். சர்க்கரை நோயாளி, ஊசி தவறிவிட்டது என்று எல்லாரும் ஏற்றுக்கொள்ளும் நிலைதான். ஆனால் ஒன்பது மணிக்கு நாய் டீச்சர் வேனில் நாயோடு வந்துவிட்டார். அதை நான் மறந்தேபோயிருந்தேன். நாயின் உயரத்தில் உட்கார்ந்து வீட்டைப் பார்த்துப் பழகிய அம்மா அல்லவா? கூடத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். சுவர் முழுக்க, மூன்றடி பத்து அங்குலத்தில், வரிசையாக நகக்கீறல். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வெளியே போய் உங்களுக்கு போன் செய்தார்.

நாய் உள்ளே வரவே மாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டது. நல்ல சுத்தமான நாய். குளிப்பாட்டி, நகம் வெட்டி, வாடையே இல்லை.

இதுவரைக்கும் நீங்கள் நிறுத்தாமல் எழுதினீர்கள். இப்போது பேனாவை வைத்துவிட்டு, மணி வரைக்கும் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள்.

தையல்காரரிடம் வீட்டோடு இருப்பதாகச் சொன்னேன். உங்களிடம் வெளியூரில் இருந்ததாகச் சொன்னேன். இரண்டில் ஒன்று பொய் என்று கண்டுபிடித்துவிட்டீர்கள்; எது பொய் என்பதில்தான் தவறிவிட்டீர்கள். தையல்காரரிடம் நாய் விஷயம் தவிர மற்றதெல்லாம் உண்மையாகவே சொன்னேன். திங்கட்கிழமை காலையில் பேருந்து நிலையம் வரைக்கும் போனேன். எட்டரைக்குப் பின்பக்கப் படி வழியாக ஏறிப் பட்டறைக்கு வந்துவிட்டேன். மூன்று நாளும் அவர் தலைக்கு மேலேதான் இருந்தேன். தரை மெல்லிய தளம். சக்கரம் எந்த அறையில் உருளுகிறது என்றுகூடத் தெரியும். இரண்டு முழு செட் முடித்தேன். வாடை ஏறியபோது மட்டும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

நீங்கள் என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்கலாம். ஒரு விஷயம் சொல்கிறேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் தையல்காரரைக் கூப்பிட்டார். டீச்சரைக் கூப்பிட்டார். செத்துப்போன அம்மாவைக் கூப்பிட்டார். கடைசியில், இன்னும் வராத நாயைக்கூட, மேனேஜர், மேனேஜர் என்று கூப்பிட்டார். என்னை மட்டும் கூப்பிடவேயில்லை. நான் ஊரில் இல்லை என்பதை அவ்வளவு நம்பியிருந்தார்.

ஒரே ஒரு முறை என் பேரைச் சொல்லியிருந்தால் போதும், சார். அந்த நிமிடமே இறங்கி ஓடியிருப்பேன்.